இறந்த பசுவின் கண்ணிலிருந்து எதை எடுப்பது?

கால்நடை உதவி மருத்துவர் ஒருவர் கேட்கிறார்: "கன்று ஈன்ற மறுநாள் பசு படுத்தபடியே இறந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் விஷம் வைத்தார் என்று உரிமையாளர் புகார் கொடுத்திருக்கிறார். எனக்குப் பால் காய்ச்சல் என்றே தோன்றுகிறது. கண் திரவத்தை அனுப்பினால் பயன் உண்டா?"

உண்டு. பால் காய்ச்சல் என்பது கன்று ஈன்றதை ஒட்டி ரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்துவிடுவது. கண் திரவத்தை, உடலைத் திறப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். இறந்த பின் ரத்த அணுக்கள் உடைந்து பொட்டாசியம் வெளியேறுவதால், ரத்தத்தின் உப்பு அளவுகளை நம்ப முடியாது. கண்ணோ மூடிய பாத்திரம். குடல் கிருமிகள் அங்கே போய்ச்சேரத் தாமதமாகும்.

10 மில்லி சிரிஞ்சில் 18 கேஜ் ஊசி போதும். கருவிழி முடிந்து வெள்ளை தொடங்கும் கோட்டுக்குச் சற்றுப் பின்னால், வெளிக்கடைக்கண் பக்கமிருந்து கண்ணின் நடுவை நோக்கிக் குத்துங்கள். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் விட்ரியஸ் என்ற கண் திரவம் கூழ் போல மெல்லத்தான் வரும். அவசரப்பட்டு இழுத்தால் விழித்திரை பிய்ந்து கருந்துகள்களோடு வரும். அந்த மாதிரியில் பொட்டாசிய அளவு பொய்யாக ஏறியிருக்கும். இரண்டு கண்களுக்கும் தனித்தனிக் குழாய்.

உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் போட்டுப் பழகிய கை, இதையும் அதில் போடப் பார்க்கும். கூடாது. ஃபார்மலினும் வேண்டாம். பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள்.

கால்சியம், மெக்னீசியம், யூரியா மூன்றையும் கேளுங்கள். கால்சியம் மிகக் குறைவென்றால் உங்கள் சந்தேகம் வலுப்படும். ஆனால் ரத்தத்தில் நேரும் மாற்றம் விட்ரியஸை எட்டச் சற்று நேரமாகும் என்பதால், அளவு சரியாக இருந்தாலே பால் காய்ச்சல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வளர்ந்த மாட்டின் விட்ரியஸில் மெக்னீசியம் லிட்டருக்கு 0.55 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மெக்னீசியக் குறைபாட்டைச் சந்தேகிக்கலாம். 48 மணி நேரம் வரை இந்த அளவு நிலைக்கும் என்பது குளிர்ப்பிரதேசக் கணக்கு; நம் சித்திரை வெயிலுக்கு அது பொருந்தாது. குளுக்கோஸ் இறந்த பின் தானாகவே குறையும், குறைவு என்பதற்காக எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இறந்த பின் விட்ரியஸில் ஏறிக்கொண்டே போகும் பொட்டாசியத்தை வைத்து இறந்த நேரத்தைச் சொல்லச் சிலர் முயல்வார்கள். 1963இல் தடயவியல் மருத்துவர் ஸ்டர்னர் தந்த சூத்திரம் மனித உடலுக்கானது. பசுவுக்கு அதைப் போட்டு அறிக்கை எழுதினால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வீர்கள்.

பூச்சிமருந்துக்குக் கண் திரவம் போதாது. இரைப்பை உள்ளடக்கமும் கல்லீரலும் காவல்துறைக் கடிதத்தோடு தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பசு இளஞ்சோளம் மேய்ந்திருந்தால் ஒரு குழாய் கண் திரவத்தை நைட்ரேட் நஞ்சுச் சோதனைக்கென ஒதுக்குங்கள். சோளத்தின் சயனைடுக்கு மட்டும் இரைப்பை உள்ளடக்கத்தைக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்து உறையவையுங்கள்.

குழாய் ஒவ்வொன்றிலும் எந்தக் கண், எடுத்த நேரம், கடைசியாக உயிரோடு பார்த்த நேரம், உடல் கிடந்தது வெயிலிலா நிழலிலா என்று எழுதி ஒட்டுங்கள்.