கற்பனைக் கடலுக்கு நாட்டார் கதைகளை உருவாக்குவது எப்படி?

கேள்வி: நான் ஒரு தீவுக்கூட்டத்தைக் கற்பனை செய்து ஃபேன்டஸி நாவல் எழுதிவருகிறேன். மூடுபனி சூழ்ந்த ஒரு நீரிணையும், அதில் கப்பல்களை விழுங்கும் பனிராணியும்தான் கதையின் மையம். கடல் தெய்வங்கள், பூதங்கள், சாபங்கள் என்று நாற்பது பக்கத்துக்குக் குறிப்பு வைத்திருக்கிறேன். கதைக்குள் கொண்டுவந்தால் பாடம் நடத்துவதுபோல இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். ராட்சதக் கணவாயும் பேய்க்கப்பலும் எங்கேயோ படித்த மாதிரியே வருகின்றன. சொந்தமாகக் கடல் கதைகளை உருவாக்குவது எப்படி? இரண்டு வருடமாகக் குறிப்பிலேயே நிற்கும் நான் எழுத்தாளராக வளர்வது எப்படி?

பதில்: உங்கள் குறிப்புகள் தெய்வங்களிலிருந்து தொடங்குகின்றன. சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். கடலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு நம்பிக்கைகள் தொழிலுக்குள்ளிருந்து முளைக்கின்றன. இன்று பாய் விரிக்கலாமா, இந்த இடத்தில் வலை போடலாமா, இந்தத் தண்ணீரில் இறங்கினால் திரும்பி வருவேனா? இதற்கெல்லாம் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்பவருக்குக் கூலி உண்டு, மரியாதை உண்டு, அவரைப் பார்த்துப் பொறாமைப்படுபவர்களும் உண்டு. தெய்வத்தின் பெயரும் வாகனமும் ஆயுதமும் அதற்கப்புறம் வரட்டும்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனை உலகம் கட்டுகிறவர்கள் படிக்க இதைவிடச் செறிவான உதாரணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் சிப்பி கிடக்கும் பார்களில், அதாவது கடலடி மேடுகளில், ஆட்கள் கல்லின் பாரத்தோடு கீழே இறங்குவார்கள். மூச்சு தாங்குகிற கொஞ்ச நேரத்துக்குள் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். சுற்றிலும் சுறா இருக்கலாம். அதனால் கடல்கட்டி என்றொரு ஆள் தேவைப்பட்டார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. அவர் சடங்கு செய்யாமல் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோவிடமே இவர்களைப் பற்றிய செய்தி இருக்கிறது. கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கு, இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டுகிறவர்களுக்கு. அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் அதை அவிழ்த்துவிடுவார்கள். ஏன் என்பதற்கு அவருடைய பயணக் குறிப்பின் ஒரு பதிப்பில் காரணமும் இருக்கிறது: இரவில் திருட்டுத்தனமாக மூழ்கிச் சிப்பி எடுக்க நினைப்பவர்கள் மீனுக்குப் பயந்து கரையிலேயே இருக்கட்டும் என்பதற்காக!

ஒரே நம்பிக்கை பகலில் தொழிலாளிக்குத் தைரியம் கொடுக்கிறது, இரவில் சம்பளம் வாங்காத காவலாளியாக நிற்கிறது.

இதற்குப் பல நூறு வருடம் கழித்து, 1845 முதல் 1850 வரை இலங்கையில் ஆங்கில அரசின் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் அதே தொழிலை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். கடல்கட்டும் சக்தி பரம்பரையாக வருவது என்று எல்லோரும் நம்பினார்கள். அந்தச் சமயம் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். மூழ்குகிறவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டென்னன்ட் போன நேரத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாததால் பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். மந்திரத்தின் ரகசியம் தனக்குத் தெரியாது என்று அந்த ஆள் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் பெரியவரின் பிரதிநிதியாகத் தான் வந்து நிற்பதைச் சுறாக்கள் உணர்ந்து மதித்து நடந்துகொள்ளும் என்று உறுதி கூறுகிறார்.

இந்தப் பதிலாளை நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். தெரியாத மந்திரத்தின் பொறுப்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு கரையில் நிற்கிற மனிதர்! ஒரு நாவலே எழுதலாம். இருபதில் ஒரு பங்கைக் கொடுக்க மனமில்லாத வியாபாரி, நம்பிக்கையில்லாமல் இரவில் இறங்கத் துணிகிற திருடன், அவன் உயிரோடு திரும்பினால் கடல்கட்டியின் நிலைமை என்னவாகும் என்ற கேள்வி, எல்லாம் இங்கேயே இருக்கின்றன. இதில் ஒரு பூதமும் தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் ராட்சதக் கணவாய்க்கும் இதே கதைதான். வடகடல் மாலுமிக் கதைகளில் வரும் ராட்சத மிருகமான கிராக்கன் என்றால் கப்பலைச் சுற்றிப் பிடித்து நொறுக்கும் கைகள்தான் இப்போது எல்லோருக்கும் நினைவு வருகின்றன. 1750-களில் நார்வேயின் பெர்கன் நகரப் பேராயர் எரிக் பொன்டொப்பிடான் மீனவர்களிடம் கேட்டு எழுதியது வேறு மாதிரி இருக்கிறது. 80, 100 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் ஈயக் குண்டை இறக்கிப் பார்த்தால் 20, 30 பாகத்திலேயே தரை தட்டும். மீனோ குவிந்து கிடக்கும். அடியில் கிராக்கன் படுத்திருக்கிறது என்று அர்த்தம். மீனவர்கள் தூண்டில் போட்டு அள்ளுவார்கள். ஆழம் இன்னும் குறைந்துகொண்டே வந்தால் அது மேலே எழும்புகிறது என்று புரிந்துகொண்டு தண்டு வலித்துத் தப்பிப்பார்கள். யாராவது படகு நிறைய மீனோடு வந்தால், கிராக்கன் மேலேயா மீன் பிடித்தாய் என்று கேட்பார்களாம். பயமும் பேராசையும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. இன்னும் ஐந்து நிமிடம் இருக்கலாமா, கிளம்பலாமா? கைகளால் நொறுக்கும் மிருகத்தைவிட இந்த ஐந்து நிமிடம்தான் வாசகரை உட்கார வைக்கும்.

சரி, உங்கள் பனிராணிக்கு வருவோம். அவளைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். மூடுபனியில் ஒரு நீரிணையைக் கடக்கும் படகுக்கு உண்மையில் என்ன தேவை? கண்ணுக்கு வேலையில்லை, காதுதான் வழிகாட்டி. பாறையில் அலை உடையும் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஆகவே யாரும் பேசக் கூடாது. இது தொழில் விதி. இதன் மேல் கதை எப்படிப் படியும்? நீரிணையில் பேசினால் அவள் உன் குரலைக் கற்றுக்கொள்வாள், அடுத்த முறை உன் குரலிலேயே உன் தம்பியைக் கூப்பிடுவாள் என்று பேச்சு வரும். அப்போது, வாய் பேச முடியாதவர்களின் குரலை அவளால் எடுக்க முடியாது. எனவே அவர்களை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் வரும். அவர்களுக்கு இரட்டைக் கூலி. இரட்டைக் கூலி என்றதும், பேச முடிந்தும் ஊமையாக நடிக்கும் ஒருவர் வராமல் இருப்பாரா? முப்பது வருடமாக மனைவியிடம்கூடப் பேசாமல் நடித்துக்கொண்டிருக்கிற அந்த மனிதருக்கு ஒருநாள் பனிக்குள் பாறை தெரிகிறது. கத்தினால் படகு பிழைக்கும்.

பாருங்கள், ராணி இன்னும் வரவில்லை. அவள் உண்டா இல்லையா என்பதைக் கடைசிவரை நீங்கள் சொல்லாமலே விடலாம்.

அப்புறம் இன்னொரு தீவைச் சேருங்கள். அங்கே பனி வந்தால் பறை அடிப்பார்கள், எதிரே வரும் படகு மோதிவிடக் கூடாது என்று. அவர்களுக்கும் ஒரு கதை இருக்கும், அதில் அவள் சத்தத்துக்குப் பயந்தவள். இரண்டு தீவின் ஆட்களும் ஒரே படகில் ஏறினால் என்ன ஆகும்? உங்கள் குறிப்புகளில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான். எல்லாத் தீவுக்காரர்களும் ஒரே ராணியை ஒரே மாதிரி நம்புகிறார்கள். ஒரு கரையில் சொன்ன கதை அடுத்த கரைக்கு முழுதாகப் போய்ச் சேர்வதே இல்லை. நம் கடல் தெய்வமான மணிமேகலா தெய்வத்தையே பாருங்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலில் மூழ்காமல் காப்பாற்றியவள், அந்த நன்றிக்காகத்தான் அவன் மகளுக்கு அந்தப் பெயர். புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான மகாஜனக ஜாதகத்தில் அவளே, ஏழு நாள் கடலில் நீந்தும் இளவரசனைத் தாமதமாகக் கவனித்து, கரையே தெரியாதபோது எதற்கு நீந்துகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குகிறாள். தாய்லாந்துக்குப் போனால் மேகலா மின்னல் தெய்வம். அவள் கையில் இருக்கும் மணி பளிச்சிட, ராமசூரன் என்ற அசுரன் கோடரியை வீச, இடி இடிக்கிறது. மூன்றிலும் அவள்தான், ஆனால் ஒவ்வொரு கரையும் தனக்கு வேண்டியதை அவளிடம் கேட்டு வாங்கியிருக்கிறது. உங்கள் தீவுகளுக்கும் அந்த உரிமையைக் கொடுங்கள்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக. கடலில் சில சொற்களுக்குத் தடை இருக்கும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் முன்பெல்லாம் ஆழ்கடல் மீனவர்கள் படகில் இருக்கும்போது பாதிரியாரை அந்தப் பெயரால் குறிப்பிட மாட்டார்கள். அதற்கென்று தனிச் சொற்கள், பலவும் வழக்கொழிந்த பழைய மொழியிலிருந்து வந்தவை, கடலில் மட்டும் புழங்கின. ஒரு புதிய ஆள் தவறான சொல்லைச் சொல்லிவிட, படகே உறைந்துபோவது நல்ல காட்சி. காற்றுக்கும் பெயர் வையுங்கள். நம் கரைகளில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொன்றுக்கும் திசையும் பருவமும் குணமும் உண்டு. பெயர் தெரிந்தவர் உள்ளூர்க்காரர், வெறும் காற்று என்பவர் வெளியூர்க்காரர். ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் பாத்திரங்கள் பிரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இன்றைக்கும் மக்கள் நேர்ந்துகொண்டு கும்பிடுகிற தெய்வத்தையோ புனிதரையோ பெயரை மாற்றிப் பூதமாக்கிவிடாதீர்கள். நாகூர் ஆண்டவரை நம்பிக் கடல் தாண்டியவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் நினைவாகத் தர்காக்கள் கட்டினார்கள். அந்த நம்பிக்கை ஒரு சமூகத்தின் உயிரோடு கலந்தது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் இயக்கத்தை: ஆபத்து, நேர்ந்துகொள்ளுதல், பிழைத்தல், கடனைத் தீர்த்தல், புதிய ஊரில் பழைய ஊரின் நினைவைக் கட்டுதல். கடற்கரைக்குப் போய்க் கேட்பதாக இருந்தால், பேய்க்கதை இருந்தால் சொல்லுங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். வலையைப் பற்றிக் கேளுங்கள், எந்தக் காற்றில் போகமாட்டீர்கள் என்று கேளுங்கள். பொறுமையாக இருந்தால் மற்றது தானாக வரும்.

பாடம் நடத்துவதுபோல இருக்கிறது என்ற புகாருக்கு மருந்து, நம்பிக்கையை விளக்காமல் யாரையாவது அதைச் செய்ய வைப்பது. இப்படி:

"நீரிணை வாயில் வந்ததும் சுக்கான் பிடித்தவள் மகளின் வாயில் ஒரு கூழாங்கல்லை வைத்தாள். மகள் அதை நாக்கால் புரட்டினாள். பல்லில் பட்டு மெல்லிய சத்தம் வந்தது. அணியத்தில் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை, பயம் இருந்தது."

ராணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கல் எதற்கு, அவர் ஏன் பயந்தார் என்று வாசகர் தானே கேட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அந்தக் கேள்வியை அவரிடமிருந்து பறித்துக்கொண்டு நாம் பதிலை முதலிலேயே கொடுத்தால் அது பாடமாகிவிடும்.

இனி வளர்ச்சி. இரண்டு வருடக் குறிப்பு உங்களுக்குப் பாதுகாப்பான இடமாகிவிட்டது என்று எனக்குப் படுகிறது. குறிப்பில் எதுவும் தோற்காது. கதையில்தான் ஒரு வாக்கியம் தோற்கும், அதை நீங்கள் திருத்துவீர்கள், கை பழகும். பெரிய நாவலைத் தள்ளிவைத்துவிட்டு, அதே தீவுகளில் நடக்கும் சிறுகதைகளை எழுதி முடியுங்கள். முடிப்பது முக்கியம். தொடக்கம் எழுதுவதில் கிடைக்கும் பயிற்சி வேறு, முடிவை நோக்கிப் பாத்திரத்தைத் தள்ளுவதில் கிடைக்கும் பயிற்சி வேறு. உங்களுக்கு முதலாவது போதுமான அளவு ஆகிவிட்டது.

ஒரே கதையை மூன்று வாயில் எழுதிப் பாருங்கள்: குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டி, கூலி பேசும் வழிகாட்டி, மகனைப் பனியில் இழந்த அப்பா. பாட்டி சொல்வதில் ராணிக்கு நீளமான கூந்தல் இருக்கும். வழிகாட்டி தன் கூலியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். அப்பா அவள் பெயரையே சொல்ல மாட்டார். பாத்திரத்தின் குரல் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது இந்தப் பயிற்சியில் கைவரும்.

இன்னொரு சோதனையை நான் மிகவும் நம்புகிறேன். நீங்கள் உருவாக்கிய கதையை ஒரு நண்பரிடம் வாயால் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் மறந்தது எல்லாம் வெட்ட வேண்டியது. தப்பாகச் சொன்னது சில நேரம் நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கும், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டார் கதைகள் வாய்மாறி வாய்மாறி இப்படித்தான் மெருகேறின. பெயர்களில் பாதி காணாமல் போகும், ஏழு தலைமுறை வம்சாவளி காணாமல் போகும். அந்தக் கூழாங்கல் நிற்கும்.

படிக்கும்போது ஃபேன்டஸியை மட்டும் படிக்காதீர்கள். பயணிகளின் குறிப்புகள், பழைய துறைமுகப் பதிவுகள், மீன்பிடித் தொழில் பற்றிய கட்டுரைகள் எல்லாம் உங்களுக்குச் சுரங்கம். ஒவ்வொன்றிலும் யார் பயப்படுகிறார்கள், யாருக்குக் கூலி, யார் ஏமாற்றுகிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்டுக் குறித்துவையுங்கள்.

நாற்பது பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், எடுத்து உள்ளே வையுங்கள். இந்த மாதம் நீரிணையைக் கடக்கும் ஒரே ஒரு படகை மட்டும் ஐந்து பக்கத்தில் எழுதுங்கள், கரை சேர்ந்தோ சேராமலோ. குறிப்பைத் திறந்து பார்க்காமல் எழுதுங்கள். நினைவில் இருந்து தானாக வந்தது மட்டும் கதைக்குள் போகட்டும். எழுதி முடித்ததும் அடுத்த ஐந்து பக்கத்தைப் பறை அடிக்கும் தீவிலிருந்து தொடங்குங்கள்.