பி.காம். படித்துவிட்டு டாக்டர் ஆக முடியுமா?

கேள்வி: எனக்கு 23 வயது. தேவகோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளியில் காமர்ஸ் குரூப் எடுத்துப் பிளஸ் டூ முடித்தேன். பிறகு காரைக்குடியில் பி.காம்., முதல் வகுப்பு. இப்போது ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அப்பத்தாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது, நான்தான் கூட்டிப்போகிறேன். அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, ஊசி குத்துவதற்கு முன்னால் அப்பத்தாவிடம் கதை கேட்பார், கை வீங்கினால் உடனே கவனிப்பார், நேற்று என்ன சாப்பிட்டார் என்று விசாரிப்பார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் மருத்துவம் படிக்க ஆசை வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் (பெரியப்பா மகன்), “இங்கெல்லாம் எந்த டிகிரி இருந்தாலும் மெடிக்கல் சேரலாம்” என்கிறார். இங்கே ஒரு ஏஜென்ட், நீட் எழுதாமலேயே ஜார்ஜியாவில் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லிச் சான்றிதழ்களைக் கேட்கிறார். அப்பச்சியோ (அப்பா), “சி.ஏ. முடி, இல்லாட்டி கல்யாணத்துக்குச் சம்மதி” என்கிறார். நாங்கள் பொதுப்பிரிவு. என் பி.காமை வைத்து எம்.பி.பி.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்க முடியுமா?
பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: உங்கள் பி.காம். இந்தக் கணக்கில் வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நம் நாட்டில் யாரும் பட்டத்தைக் கேட்பதில்லை. கேட்பது பிளஸ் டூவைத்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கிலும் தேறியிருக்க வேண்டும். பொதுப்பிரிவினருக்கு அந்த மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். அதற்கு மேல் நீட். ஆகவே, உங்களுக்குக் குறுக்கே நிற்பது கல்லூரியில் எடுத்த பி.காம். இல்லை, பதினொன்றாம் வகுப்பில் எடுத்த காமர்ஸ் குரூப்.

சில வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்திருந்தால் இதோடு முடித்திருப்பேன். பள்ளியில் சேர்ந்து இரண்டு வருஷம் இந்தப் பாடங்களைத் தொடர்ச்சியாகப் படித்திருக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. 2023 நவம்பர் 22 அன்று தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகு இந்தப் பாடங்களைக் கூடுதல் பாடங்களாக எழுதித் தேறியவர்களும், அங்கீகாரம் பெற்ற வாரியமாக இருந்தால் நீட் எழுதலாம் என்றது. வயதும் உங்களுக்குத் தடை இல்லை. 25 வயது வரம்பை 2022இலேயே எடுத்துவிட்டார்கள்.

பாடங்களை எங்கே எழுதுவது? என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளியில். பிளஸ் டூ முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை, வேண்டிய பாடங்களுக்கு மட்டும் சேரலாம். ஆங்கிலம் ஏற்கெனவே உங்கள் மார்க் ஷீட்டில் இருக்கிறது. பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. மூன்று பாடத்திலும் செய்முறைத் தேர்வு உண்டு, அதில் தனியாகத் தேற வேண்டும். ஆபீஸில் லீவு கேட்க வேண்டியது அந்த நாட்களுக்குத்தான். ஒன்று மட்டும் செய்யுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், இந்த வழியில் வருபவர்களை மாநில ஒதுக்கீட்டுக் கலந்தாய்வில் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவத் தேர்வுக்குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். அந்த வருஷத்துத் தகவல் குறிப்பேட்டையும் வரி விடாமல் வாசியுங்கள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்வார்த்தையாக வரும் பதில் எதையும் நம்பி இறங்காதீர்கள்.

கதவு திறந்திருக்கிறது, சரி. நடக்க வேண்டிய தூரத்தையும் பார்ப்போம்.

நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு, தவறானால் ஒன்று போய்விடும். பாதி மதிப்பெண், அதாவது 360, உயிரியலுக்கு. இது உங்களுக்குச் சாதகம். ஊன்றிப் படிக்கிறவர்களுக்கு உயிரியல் வசப்படும். இயற்பியல்தான் காமர்ஸ் குரூப்காரர்களைக் கவிழ்க்கிற பாடம். 45 கேள்விகளில் பெரும்பாலானவை கணக்கு, அதுவும் பத்தாம் வகுப்போடு நீங்கள் விட்டுவிட்ட வகைக் கணக்கு. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் நீட்டில் தகுதி பெறுவது வேறு, சீட் கிடைப்பது வேறு. தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் பொதுப்போட்டிக்கு. அதில் எல்லாப் பிரிவினரும் போட்டியிடுவார்கள், மாநில ஒதுக்கீட்டு அரசு இடங்களில் உங்களுக்கு இருக்கும் இடம் அது ஒன்றுதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்குக் கிடையாது. சிவகங்கையில் 2012 முதல், புதுக்கோட்டையில் 2017 முதல், ராமநாதபுரத்தில் 2022 முதல் என்று உங்களைச் சுற்றி மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தான், இருந்தாலும் இடம் பக்கத்து ஊர்க்காரருக்கென்று தனியாகக் கிடையாது, ரேங்க்தான் பேசும். அரசு இடம் தவறினால் தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். அதற்காக வீட்டுப் பங்கையோ நகையையோ அப்பச்சி தொடுவதாக இருந்தால், நான் அவர் பக்கம்தான்.

காலத்தையும் எழுதிப் பாருங்கள். பிளஸ் டூ பாடங்களுக்கு ஒரு வருஷம், நீட்டுக்கு ஒன்றோ இரண்டோ, படிப்பு நாலரை, பயிற்சி மருத்துவராக ஒன்று. எல்லாம் நல்லபடியாக நடந்தாலே 31, 32 வயதில் எம்.பி.பி.எஸ். கையில் இருக்கும். மேற்படிப்பு வேண்டுமென்றால் இன்னும் மூன்று. 31 ஒன்றும் தப்பான வயதில்லை. அதுவரைக்கும் வீட்டுச் செலவை யார் பார்ப்பது, அப்பத்தாவை யார் கூட்டிப்போவது என்பதற்கு மட்டும் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் அண்ணன் பொய் சொல்லவில்லை. அங்கே டியூக்-என்.யு.எஸ். என்று ஒரு மருத்துவப் பள்ளி இருக்கிறது, பட்டதாரிகளுக்கென்றே 2005இல் தொடங்கியது. எந்தத் துறைப் பட்டமானாலும் விண்ணப்பிக்கலாம், நான்கு வருஷப் படிப்பு. அமெரிக்காவிலும் அப்படித்தான், வரலாறு படித்தவர்கூடப் போகலாம். ஆனால் உயிரியல், வேதியியல், இயற்பியலைக் கல்லூரி அளவில் ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும் என்று அங்கே பல பள்ளிகள் கேட்கும். எம்கேட் என்ற நுழைவுத்தேர்வும் உண்டு. ஆக, அறிவியலைத் தாண்டிக் குதிக்க எங்கேயும் வழி இல்லை. படித்துவிட்டு ஊருக்குத் திரும்புவது என்றால் இன்னொரு முடிச்சு. வெளிநாட்டில் படிப்பது குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும் என்பது 2021இல் வந்த இந்திய விதி. நான்கு வருஷம் என்பது 48 மாதம்தானே.

அந்த விதி ஜார்ஜியாவுக்கும் பொருந்தும். அது மட்டுமில்லை, வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே பதிவு செய்ய நினைப்பவரும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். முடித்து வந்ததும், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதில் தேறுவதில்லை. “நீட் வேண்டாம்” என்று ஓர் ஏஜென்ட் சொன்னால், திரும்பி வந்து நீங்கள் பிராக்டிஸ் செய்வதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை என்று அர்த்தம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். அதில் டாக்டரே இல்லை! இருப்பது டயாலிசிஸ் பார்க்கும் அந்த அக்கா. அவர் செய்யும் வேலையைத்தான் நீங்கள் வரி வரியாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அநேகமாக டயாலிசிஸ் டெக்னீஷியன். பட்டப்படிப்பாக அதைப் படிக்கப் பயிற்சியோடு சேர்த்து நான்கு வருஷம் ஆகும். அதற்கும் பிளஸ் டூவில் அறிவியல் வேண்டும் என்பதால், என்.ஐ.ஓ.எஸ்.ஸில் நீங்கள் எழுதுவது எப்படியும் வீணாகாது. அடுத்த தடவை போகும்போது மெஷின் ஓடுகிற நேரத்தில் அவரிடமே கேளுங்கள், எங்கே படித்தார், சம்பளம் என்ன, நைட் ஷிஃப்ட் எப்படி என்று. நான் சொல்வதைவிட அது உருப்படியான தகவல்.

அறிவியலே வேண்டாம் என்றாலும் ஒரு வழி இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. உறுப்பு மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு எந்தப் பட்டமும் போதும், சமூகப்பணி போன்ற முதுகலை இருந்தால் முன்னுரிமை என்று 2014ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம் பேசுவது, சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவரின் குடும்பத்தோடு கூடவே நிற்பது, காகிதங்களை ஒழுங்காக வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்து பழகிய, கணக்கும் தெரிந்த ஒரு பெண் அதற்குப் பொருத்தமானவர் என்று நினைக்கிறேன். பி.காமுக்கு மேல் மருத்துவ சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருஷம்தான்.

எம்.பி.பி.எஸ்.தான் வேண்டும் என்று மனசு இன்னமும் சொன்னால், வேலையை விடாதீர்கள், கோச்சிங் சென்டரில் பணமும் கட்டாதீர்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல், உயிரியல் பாடநூல்களை மாநிலப் பாடநூல் கழகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. மூன்று மாதம், ராத்திரி ஒரு மணி நேரம். இயற்பியலில் ஒவ்வொரு பாடத்தின் பின்னால் இருக்கும் கணக்குகளைப் பார்க்காமல் போட வருகிறதா என்று பாருங்கள். வந்தால் என்.ஐ.ஓ.எஸ்.ஸுக்கு விண்ணப்பியுங்கள். வராவிட்டால் அந்த அக்காவின் படிப்பும் எம்.எஸ்.டபிள்யூ.வும் கைவசம் இருக்கின்றன. அப்பச்சியிடம் “டாக்டர் ஆகணும்” என்று போய் நிற்பதைவிட, எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கல்யாணப் பேச்சுக்கும் அதிலேயே ஒரு தேதி போட்டுக்கொள்ளலாம்.

ஏஜென்ட்டிடம் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் அப்பச்சியையே கூட்டிக்கொண்டு போய் இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள்.