வெளிநாட்டில் ஓர் ஆய்வாளர் மீது வழக்குப் போட்டால், மற்ற நாட்டுப் பேராசிரியர்கள் கண்டனம் தெரிவிப்பதால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. ஆனால் எல்லாக் கண்டனத்துக்கும் இல்லை. "கல்விச் சுதந்திரத்தைக் காப்போம்" என்று பொத்தாம்பொதுவாக நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பும் கடிதம் பெரும்பாலும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். நானும் ஆய்வுத் துறையில் இருப்பவன். அப்படிப்பட்ட கடிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். ஆனால் சக ஆய்வாளர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதைத்தான் பல நேரம் விட்டுவிடுகிறோம்.

எந்த அரசும் "இவர் ஆய்வு செய்தார்" என்று வழக்குப் போடாது. உளவு பார்த்தார், பயங்கரவாதத்துக்குப் பிரச்சாரம் செய்தார் என்றுதான் குற்றப்பத்திரிகையில் இருக்கும். பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த மேத்யூ ஹெட்ஜஸை 2018 மே மாதம் துபாய் விமான நிலையத்தில் பிடித்தார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் பாதுகாப்புக் கொள்கைதான் அவர் ஆய்வுத் தலைப்பு. அதற்காக ஆட்களைச் சந்தித்துப் பேட்டி எடுத்திருந்தார். அது உளவு வேலையாகிவிட்டது. மாதக்கணக்கில் விஷயம் வெளியே வரவில்லை. நவம்பர் 21 அன்று ஆயுள் தண்டனை. பிரிட்டன் அரசின் அழுத்தம், மனைவியின் போராட்டம், கல்வியாளர்களின் கூச்சல் எல்லாம் சேர்ந்து ஊடகத்தில் வெடிக்க, ஐந்தே நாளில் மன்னிப்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இங்கே தூதர் என்ன சொல்ல முடியும்? "எங்கள் குடிமகன், விடுங்கள்" என்பதற்கு மேல் அவரிடம் அதிகம் இல்லை. பேட்டி எடுப்பதும், பதிவு செய்வதும், வரைபடம் வைத்திருப்பதும் களப்பணியின் அரிச்சுவடி என்று சொல்லும் தகுதி நெறியாளருக்கும் அதே துறையில் இருப்பவர்களுக்கும்தான் இருக்கிறது. ஆய்வு முன்மொழிவு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், கேள்விப் பட்டியல் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கும். கண்டனக் கடிதத்தில் வரவேண்டியது இந்தச் சாட்சியம். வழக்கறிஞர் எடுத்து வாதாட இது உதவும். "சுதந்திரம் வாழ்க" உதவாது.

இதில் நான் அதிகம் யோசிப்பது துருக்கி வழக்கைத்தான். 2016 ஜனவரியில், குர்து மக்கள் வாழும் பகுதிகளில் நடந்த ராணுவ நடவடிக்கையை நிறுத்தச் சொல்லி 1,128 கல்வியாளர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மீது பயங்கரவாதப் பிரச்சார வழக்கு. கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றே. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் தனி வழக்கு, தனி வாய்தா. கும்பலாக நிறுத்தினால் உலகமே பார்க்கும், தனித்தனியாக நிறுத்தினால் யார் தினமும் வருவார்கள் என்ற கணக்கோ என்னவோ. வந்தார்கள். இஸ்தான்புல் நீதிமன்றத்தில் பார்வையாளர்களாக வெளிநாட்டுப் பேராசிரியர்களும் தூதரக ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

பலருக்கும் கிடைத்த தண்டனை 15 மாதம். கூடவே ஒரு சலுகை: தீர்ப்பை அறிவிக்காமல் தள்ளிவைக்கச் சம்மதித்தால், ஐந்து வருடம் வம்பில் மாட்டாமல் இருந்தால் போதும், சிறை இல்லை. ஆனால் வழக்கமான மேல்முறையீடும் கிடையாது. பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கலாதசராய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபூசுன் உஸ்டெல் ஒத்துக்கொள்ளவில்லை. 2019 மே மாதம் எஸ்கிஷெஹிர் சிறைக்குப் போனார். ஜூலையில் வெளியே வந்தார். அதே மாதம் 26-ஆம் தேதி, அவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் எட்டுக்கு எட்டு என்று பிரிந்து நின்று, தலைவரின் வாக்கால் முடிவான தீர்ப்பு. அப்புறம்தான் விடுதலைகள் வரிசையாக வந்தன.

வேலை போனவர்கள் கதை வேறு. 2016 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பின் அவசர ஆணைகளில் பெயர் வந்தவர்களுக்குப் பதவி மட்டுமா போனது, பாஸ்போர்ட்டும் போனது. வெளியேற முடிந்தவர்களில் பலர், ஜெர்மனியில் ஹும்போல்ட் அறக்கட்டளை நடத்தும் ஃபிலிப் ஸ்வார்ட்ஸ் திட்டத்தின் கீழ் இடம் பெற்றார்கள். இந்த ஸ்வார்ட்ஸ் 1933-இல் நாஜிகளுக்குத் தப்பிய மருத்துவப் பேராசிரியர். சூரிச்சிலிருந்து ஓர் உதவிச் சங்கம் நடத்தி, வேலை இழந்த ஜெர்மன் பேராசிரியர்கள் பலருக்கு அவர் வேலை வாங்கிக் கொடுத்தது எங்கே தெரியுமா? இஸ்தான்புல்லில்!

சரி, சத்தம் போட்டால் ஆபத்து அதிகமாகாதா என்று கேட்பீர்கள். வெளியுறவுத் துறைகள் குடும்பத்திடம் முதலில் சொல்வதும் "அமைதியாக இருங்கள்" என்றுதான். மெல்போர்ன் பல்கலைக்கழக விரிவுரையாளர் கைலி மூர்-கில்பர்ட் 2018 செப்டம்பரில் ஈரானில் கைதானது ஒரு வருடம் வெளியே தெரியவில்லை. 2020 நவம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்த பிறகு, செய்தி பரவியதும்தான் சிறையில் தன்னைக் கவனிக்க ஆரம்பித்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சத்தம் எப்போதும் கதவைத் திறக்காது என்பதும் உண்மை. பேரிடர் மருத்துவ ஆய்வாளர் அஹ்மத்ரேசா ஜலாலி, பல்கலைக்கழக அழைப்பின் பேரில் ஈரானுக்குப் போய் 2016 ஏப்ரலில் கைதானார். 2017-இல் மரண தண்டனை. நூற்றுக்கும் மேற்பட்ட நோபல் பரிசாளர்கள் கடிதம் எழுதியும் வருடக்கணக்கில் விடுதலை வரவில்லை. ஆனால் 2020-இல் தூக்கு நெருங்கியபோதும், 2022 மே மாதம் நாள் குறித்தபோதும் உலகம் கத்தியது. இரண்டு முறையும் நிறைவேற்றவில்லை. கத்தியதால்தான் என்று நிரூபிக்க முடியாது. கத்தாமல் இருந்து பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

"உள்நாட்டு விவகாரம், தலையிடாதீர்கள்" என்ற பதிலுக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். உயர்கல்வி ஆசிரியர்களின் கல்விச் சுதந்திரம் பற்றி 1997-இல் யுனெஸ்கோ பொது மாநாடு ஏற்றுக்கொண்ட பரிந்துரையே இருக்கிறது. அதை அப்படியே மேற்கோள் காட்டலாம்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் முதலில் குடும்பத்தையும் வழக்கறிஞரையும் கேளுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் நிறுத்துங்கள். சரி என்றால், கடிதத்தில் எந்தச் சட்டப் பிரிவு, அடுத்த வாய்தா எப்போது, உங்கள் கோரிக்கை என்ன என்பது இருக்கட்டும். முடிந்தால் அந்தத் தேதிக்கு ஒருவரை நேரில் அனுப்புங்கள். உங்கள் துறைத் தலைவரிடம் பேசி, வழக்கில் மாட்டியவருக்கு ஒரு வருகை ஆய்வாளர் பதவி வாங்கிக் கொடுங்கள்: சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நூலகக் கணக்கும் பல்கலைக்கழக மின்னஞ்சலும் வேண்டும். பதவி நீக்கம் ஆன மறுநாளே இரண்டும் பறிபோகும், அதோடு கட்டுரை எழுதுவதும் நின்றுவிடும்.