குளவி கொட்டிய பிறகு என்ன நடக்கிறது?

கேள்வி: குளவி புழுவைக் கொட்டிக் கொட்டி அதையே குளவியாக்கிவிடும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இதில் உண்மை உண்டா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: புழு குளவியாவதில்லை, குளவியின் பிள்ளைக்கு இரையாகிறது. சுவரில் மண்கூடு கட்டும் குளவி, கொட்டி முடக்கிய புழுவையோ சிலந்தியையோ உள்ளே வைத்து, முட்டையிட்டு, வாயை மண்ணால் அடைத்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் இளம்புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து, பின்னர் சிறகுள்ள குளவியாக வெளியே வரும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அப்படி முடிவு கட்டியதில் வியப்பில்லை. செத்த இரை அழுகிவிடும் என்பதால், இந்தக் கொட்டு பெரும்பாலும் கொல்வதற்கல்ல, முடக்குவதற்கே.

கேள்வி: பச்சையாக மின்னும் குளவி ஒன்று, தன்னைவிடப் பெரிய கரப்பானை மீசையைப் பிடித்து இழுத்துச் சென்றது. கரப்பான் ஏன் ஓடவில்லை? விஷத்தால் கால்கள் செயலிழந்துவிட்டனவா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் பார்த்தது மரகதக் கரப்பான் குளவியாக இருக்க வேண்டும், ஆம்புலெக்ஸ் கம்ப்ரெசா என்பது அதன் அறிவியல் பெயர். கரப்பானின் கால்கள் நன்றாகவே இருக்கின்றன. மல்லாத்திப் போட்டால் அது தானாகப் புரண்டு எழும். போனது நடக்கும் திறன் அல்ல, தானாக நடக்கத் தொடங்கும் உந்துதல்.

குளவி இரண்டு முறை கொட்டுகிறது. முதல் கொட்டு மார்பிலுள்ள நரம்பு முடிச்சில் இறங்குகிறது. விஷத்திலுள்ள, நரம்புகளை அடக்கும் காபா முதலிய பொருள்கள் முன்னங்கால்களைச் சில நிமிடங்களுக்கு மட்டும் முடக்குகின்றன. அந்த இடைவெளியில் குளவி கழுத்தின் மென்மையான தோல் வழியாகக் கொடுக்கைத் தலைக்குள் செலுத்தி, மூளையையும் அதனடியிலுள்ள நரம்பு முடிச்சையும் தேடிக் கண்டுபிடித்து விஷத்தை இறக்குகிறது. மூளை அகற்றப்பட்ட கரப்பானைச் சோதனையில் கொடுத்தபோது, குளவி கொடுக்கை உள்ளே வைத்துக்கொண்டு வெகுநேரம் தேடியது.

பிறகு கரப்பான் ஏறத்தாழ அரை மணி நேரம் தன் உடலையே விடாமல் துடைத்துக்கொள்கிறது. இதற்குக் காரணம் விஷத்திலுள்ள டோபமைன் என்ற, நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் என்று இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் லிபர்சாட் குழுவினர் கண்டறிந்தார்கள். அதன்பின் வரும் மந்தநிலையில், நடக்கத் தூண்டும் ஆக்டோபமைன் என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருளின் வேலை தலையில் தடைபடுகிறது. ஆக்டோபமைனைப் போலச் செயல்படும் மருந்தைச் செலுத்தியபோது கரப்பான் மீண்டும் நடந்தது. குளவி மீசைகளைப் பாதியில் கடித்து, கசியும் ரத்தத்தைக் குடித்துவிட்டு, மாட்டைக் கயிறு பிடித்து ஓட்டுவதுபோல எஞ்சிய மீசையைப் பற்றிப் பொந்துக்கு அழைத்துச் சென்று, நடுக்காலின் அடியில் ஒரு முட்டையை ஒட்டுகிறது. கொட்டுப்பட்ட கரப்பான் ஆக்சிஜனைக் குறைவாகவே செலவழிப்பதால், உண்ணாமல் கிடந்தும் இளம்புழுவுக்குக் கெடாத இரையாக இருக்கிறது. முட்டை இல்லாவிட்டால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது தெளிந்துவிடும்.

கேள்வி: சில குளவிகள் புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடுமாமே! புழுவின் உடல் அதை எதிர்க்காதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எதிர்க்கத்தான் செய்யும். அந்நியப் பொருள் நுழைந்தால் பூச்சியின் ரத்த அணுக்கள் அதை மொய்த்து, உறைபோல மூடிக் கொன்றுவிடும். அமெரிக்காவில் புகையிலை, தக்காளிச் செடிகளை மேயும் கொம்புப்புழுவைத் தாக்கும் கொட்டீசியா என்ற சிறு குளவி, முட்டைகளோடு ஒரு வைரஸையும் செலுத்தி அந்த அணுக்களைச் செயலிழக்க வைக்கிறது. அந்த வைரஸின் மரபணுக்கள் குளவியின் குரோமோசோம்களிலேயே இருக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக அவை கைமாறி வருகின்றன. இதைவிட விசித்திரமான ஏற்பாட்டை நான் படித்ததில்லை.

கூட்டுப்புழுவாகும் முன் இயல்பாகக் குறைய வேண்டிய இளம்பருவ ஹார்மோன், ஒட்டுண்ணி ஏறிய கொம்புப்புழுவில் குறைவதில்லை. எனவே அது கூட்டுப்புழு ஆவதேயில்லை. முடிவில் குளவிப் புழுக்கள் தோலைத் துளைத்து வெளியேறி, அதன் முதுகிலேயே வெள்ளைக் கூடுகளைக் கட்டும். அவற்றை முட்டைகள் என்று எண்ணுவோர் பலர். வெளியேற்றத்துக்குச் சற்று முன்பே கொம்புப்புழு தின்பதை நிறுத்திவிடுகிறது. அப்போது அதன் ரத்தத்தில் ஆக்டோபமைன் ஏறியிருக்கும், முன்குடலின் அசைவும் மந்தப்படும். கரப்பானின் தலையில் தடுக்கப்படும் அதே பொருள், இங்கே கூடிவிடுகிறது. நோயுற்ற விலங்குக்குப் பசி எடுக்காமல் செய்யும் அதன் சொந்த எதிர்ப்பு வினையையே குளவிப் புழுக்கள் பயன்படுத்திக்கொள்கின்றன என்பது, இதை நெடுங்காலம் ஆராய்ந்த கனடா அறிஞர் ஷெல்லி அடாமோவின் கருத்து.