ஓதத்தின் மேல் பெயின்ட் அடித்து வீட்டை விற்கலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் 1996ல் கட்டிய தனி வீட்டை விற்கப்போகிறேன். பாத்ரூம் சுவரின் வெளிப்பக்கத்திலும் மாடியறை சீலிங்கிலும் ஓதம். "பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் போதும், என்ஜினீயர் எதற்கு?" என்கிறார் தரகர். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். ஓதத்தின் மேல் வைத்த பட்டி அடுத்த மழையில் கொப்பளித்து உதிரும். உங்களுக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறையை மறைத்தால், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு அதை மோசடியாகவே கருதுகிறது. பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது, தரகருடையது அல்ல.

"இலவச இன்ஸ்பெக்‌ஷன்" என்று வரும் வாட்டர்புரூஃபிங் ஆட்களையும் உள்ளே விடாதீர்கள். ஈரம் அளக்கும் கருவியைச் சுவரில் வைத்து, அதில் வரும் அளவைக் காட்டுவார்கள். கசிவு பாத்ரூம் குழாயில் இருந்தாலும் மொட்டைமாடி முழுக்கக் கோட்டிங் என்று கொட்டேஷன் வரும். பதிவு அலுவலகம் கட்டடத்தின் மதிப்பைக் கேட்குமே தவிர, ஒழுகுகிறதா என்று கேட்காது. வங்கி அனுப்பும் வேல்யூயர் கடனுக்காகப் பார்க்கிறார், உங்களுக்காக அல்ல. இத்தனை லட்சம் கைமாறும் இடத்தில் இதை யாரும் கவனிக்காதது பெரிய அநியாயம்.

ரிப்பேர் வேலையே எடுக்காத சிவில் என்ஜினீயரைப் பிடித்து, ஃபீஸை முன்பே பேசி, போட்டோவுடன் எழுத்து ரிப்போர்ட் வாங்குங்கள். முதலில் குழாய்: இரவு எல்லாக் குழாயையும் மூடி, மேல் தொட்டியின் மட்டத்தைக் குறித்து வையுங்கள், காலையில் இறங்கியிருந்தால் எங்கோ லீக். பிறகு பாத்ரூம் தரை: நஹானி டிராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் துளையை) அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். மொட்டைமாடிக்கும் இதே முறைதான். ஆனால் சீலிங் பூச்சு உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தால் தண்ணீர் கட்டவே கூடாது. 100 சதுர அடியில் 2 அங்குலத் தண்ணீர் ஏறக்குறைய 470 கிலோ. துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைப் பிளந்திருக்கும்; அதன் தலையில் இந்த எடையை ஏற்றாதீர்கள். சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்து, உள்ளீடற்ற சத்தம் வரும் இடங்களைக் குறித்தால் போதும்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. வாங்குபவர் பில்டராக இருந்து, வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார் என்றால், இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். அவர் தருவது மனைக்கான விலை. அதற்காக, "இடிக்கிற வீடுதான்" என்று வாயால் சொன்னதை நம்பிவிடாதீர்கள்; ஒப்பந்தத்தில் அதை எழுதச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தில் சர்வேயரை வைத்து மனையை அளந்து, பத்திரத்திலும் பட்டாவிலும் உள்ள அளவோடு ஒத்துப்பாருங்கள். காம்பவுண்டு ஒரு அடி தள்ளியிருந்தாலும் பில்டர் விலையைக் குறைப்பார்.