பாயும் நெட்டும்

கேள்வி: துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியைப் 'பயனெட்' என்கிறார்கள். இது 'பாய்நெட்டு' என்ற தமிழ்ச் சொல்லின் திரிபுதானே? பாய்ந்து நெட்டித் தள்ளுவதால் வந்த பெயர். அகராதிக்காரர்கள் இதை ஏன் மறைக்கிறார்கள்?

பதில்: இல்லாததை எப்படி ஐயா மறைக்க முடியும்?

சொல்லை நீங்கள் வெட்டிய இடமே தப்பு. பிரெஞ்சில் அது 'பயோனெத்'. கடைசியில் இருக்கும் 'எத்' வெறும் விகுதி. சிகாரோடு சேர்ந்து அதைச் சிகரெட் ஆக்கியதே, அதே விகுதி. அதைக் கழற்றினால் மிஞ்சுவது 'பயோன்'. பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லையருகே உள்ள ஊர், கத்திக்குப் பேர்போனது. 'நெட்டு'க்காக நீங்கள் எடுத்துக்கொண்ட மெய்யெழுத்து அந்த ஊருக்குச் சொந்தம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒலி ஒத்துப்போனால் போதும் என்றால், வள்ளுவரும் 'துப்பாக்கி' என்று பாடியிருக்கிறார், வான்சிறப்பில். அவர் சொன்னது மழை உணவை ஆக்குவதை. நாம் தோளில் மாட்டும் துப்பாக்கி துருக்கிச் சொல்வழி வந்தது. குறளில் வெடிமருந்து வாசனை அடிக்கிறது என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள் என நம்புகிறேன்.

பயோன் ஊரைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது. சண்டையில் மருந்து தீர்ந்துபோன அவ்வூர்க்காரர்கள் கையில் இருந்த கத்தியைத் துப்பாக்கிக் குழாயில் செருகிக்கொண்டு பாய்ந்தார்களாம்; பெயர் அப்படி வந்ததாம். நல்ல கதைதான். ஆனால் 1611இல் வெளியான பிரெஞ்சு-ஆங்கில அகராதி ஒன்று இந்தச் சொல்லுக்குச் சட்டைப்பையில் வைக்கும் சிறிய தட்டைக் குத்துவாள் என்றும், இடுப்பில் தொங்கவிடும் பெரிய கத்தி என்றும் பொருள் தருகிறது. துப்பாக்கி பற்றிப் பேச்சே இல்லை. பெயர் முதலில் கத்திக்கு. துப்பாக்கியோடு உறவு அப்புறம் வந்தது. பழைய பிரெஞ்சில் குறுக்குவில் வீரனைக் குறித்த 'பயோனியே' என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. என் ஓட்டு ஊருக்குத்தான்.

அந்த உறவும் ஆரம்பத்தில் சரியாக அமையவில்லை. 1640களில் பிரெஞ்சுப் படையினர் கத்தியின் மரப்பிடியைக் குழாய் வாயிலேயே தக்கைபோல அடைத்தார்கள். அடைத்தபின் எப்படிச் சுடுவது? சுட வேண்டும், அல்லது குத்த வேண்டும்; இரண்டும் முடியாது. 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசுப் படை இதில்தான் மாட்டிக்கொண்டது. ஒருமுறை சுட்டுவிட்டுக் கத்தியைச் செருகுவதற்குள் மலைநாட்டு வீரர்கள் மேலே வந்து விழுந்துவிட்டார்கள்.

இதற்குள் பிரான்சில் மாற்றுவழி வந்திருந்தது. கோட்டை கட்டுவதில் பெயர்பெற்ற வோபான் செய்தது என்பார்கள். பிடிக்குப் பதில் ஒரு வளையக் குழல். அதைத் துப்பாக்கிக் குழாயின் வெளிப்பக்கம் மாட்டி, ஒரு திருகு திருகினால், குழாயில் உள்ள குமிழ் வளையத்தின் வளைந்த வெட்டில் போய்ப் பூட்டிக்கொள்ளும். குழாய் வாய் திறந்தே இருக்கும், கத்தியோடும் சுடலாம். பக்கத்தில் நிற்கும் ஈட்டிக்காரனுக்கு வேலை போயிற்று.

தமிழில் பெயர் வேண்டும் என்றால் 'துப்பாக்கி முனைக் கத்தி' இருக்கிறது. நீளம்தான், ஆனால் பொய் இல்லை. இந்தியும் உருதும் பயோனை விட்டுவிட்டுப் பாரசீகத்துக்குப் போய் 'சங்கீன்' என்று எடுத்துக்கொண்டன. 'சங்' என்றால் கல். 'சங்கீன்' கல்லால் ஆனது, கனமானது. அதனால்தான் கொடிய குற்றத்தையும் அவர்கள் 'சங்கீன்' குற்றம் என்கிறார்கள். கத்திக்குத்து நடந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

'பயனெட்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. உங்களிடம் லென்ஸ் மாற்றும் கேமரா இருந்தால் எடுத்துப் பாருங்கள். லென்ஸை வைத்து, கொஞ்சம் திருகினால் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது அல்லவா? அதற்குப் பெயர் 'பயனெட் மவுன்ட்'. இரண்டு ஆணி வைத்த பல்பை ஹோல்டரில் அழுத்தித் திருகுகிறோமே, அதுவும் பயனெட்தான். அங்கே யாரும் பாய்வதும் இல்லை, நெட்டுவதும் இல்லை.