போன கிழமை அரிந்த கல்லில் மதில் கட்டலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வீதியோரம் 80 அடி நீளத்துக்கு 5 அடி உயர மதில் கட்டப் போகிறோம். பக்கத்தில் சீமெந்துக் கல் அரிபவர் (அச்சில் வார்ப்பவர்) நாலு அங்குலக் கல்லை மலிவாகத் தருகிறார். போன கிழமைதான் அரிந்ததாம். மாரிக்கு முன் முடித்துவிடலாம் என்கிறார் மேசன். வாங்கலாமா? செங்கல் நல்லதா?

பதில்: இப்போதே கட்டுவதற்கென்றால் வாங்காதீர்கள். சீமெந்து எதிர்பார்த்த பலத்துக்கு வர 28 நாள் எடுக்கும். அதற்கு முன் கட்டினால் கல் மதிலில் இருந்தபடியே காய்ந்து சுருங்கும், பொருத்து வழியே வெடிப்பு ஓடும். என் பின்மதிலில் அதுதான் நடந்தது. அவசரப்பட்டதை நினைத்தால் இன்னும் கவலைதான்.

நாட்கணக்கு மட்டும் போதாது. அரிந்த முதல் கிழமை தண்ணீர் காட்டி நிழலில் வைத்தாரா என்று கேளுங்கள். வெயிலில் அப்படியே காயவிட்ட கல்லை எத்தனை நாள் வைத்திருந்தாலும் அந்தப் பலம் வராது. ஓரத்தை ஆணியால் கீறிப் பாருங்கள். மண்ணாக உதிர்ந்தால் சீமெந்து குறைவு. ஒன்றை உடைத்து உள்ளேயும் பாருங்கள். நல்ல வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார்.

உங்கள் மதிலுக்கு 16க்கு 8 அங்குல முகமுள்ள கல் சுமார் 450 வேண்டும், உடைசலோடு 490 வாங்குங்கள். நாலு அங்குல மதில் தனியாக நிற்காது. பத்தடிக்கு ஒரு தூணாவது வேண்டும்.

மணலில் கண்டிப்பாக இருங்கள். கரை மணல் கிட்டத்தில் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். உப்புப் பூக்கும், தூண் கம்பியும் துருப்பிடிக்கும். ஆற்று மணலே எடுங்கள். சாந்துக்கு ஒரு பங்கு சீமெந்து, ஐந்து பங்கு மணல் சரி.

செங்கல்லும் நல்லதுதான், நன்றாக வெந்திருந்தால். ஆனால் கடற்கரைப் பக்கம் பூசாமல் விட்டால் உப்பு அரிக்கும். செங்கல்லை நனைத்துக் கட்ட வேண்டும். சீமெந்துக் கல்லைக் காய்ந்தபடியே கட்ட வேண்டும். இதை மேசனிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பற்றுச்சீட்டில் கல்லின் அளவு, எண்ணிக்கை, அரிந்த திகதி எல்லாம் எழுதி வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். சீட்டு கையில் இருந்தால்தான் பேச முடியும்.

மழைக்கு முன் முடியாவிட்டாலும் பரவாயில்லை, தை பிறந்த பிறகு கட்டுங்கள். எப்போது கட்டினாலும் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட மறக்காதீர்கள்.